சிவப்புத் துணி கட்டிய சவுக்கு மரம்

அந்தப் பூச்சியின் முன்னங்காலில் ஒரு சிவப்பு நூல் சிக்கியிருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. நுணுக்குக்காட்டியின் அடியில் வைத்து விளக்கைச் சற்றுச் சரித்தால், காலின் கடைசிக் கணுவில் அது வளைந்து கிடப்பது தெரியும். இதை எழுதும்போதும் பூச்சி என் எதிரே இருக்கிறது. எழுதுவதை நிறுத்தி நிறுத்திக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

பூச்சியின் படங்களை வெளிநாட்டில் ஒரு நிபுணருக்கு அனுப்பியிருந்தேன். போன மாதம் பதில் வந்தது. இது இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம், இந்த ஒன்றுதான் இப்போதைக்கு உலகத்தின் கையில் இருக்கிறது, மிகுந்த மகிழ்ச்சி என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒன்று சொல்லியிருந்தார். காலில் ஏதோ இழை ஒட்டியிருக்கிறது, இறுதிப் படம் எடுக்கும் முன் அதைத் துடைத்துவிடுங்கள்.

அவருக்கு அது தூசு. எனக்கு அது உன் பழைய சேலையின் கிழிசல். அந்த மின்னஞ்சலை வாசித்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீ செத்து நான்கு வருடத்தில் உனக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை. அதுவரை பயந்துகொண்டு மட்டும்தான் இருந்தேன்.

உன் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் போனதை எழுதிப் பார்க்கிறேன். எனக்கு எதையும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் வரும். நீதான் கேலி செய்வாயே, "ஒரு வாய் தேத்தண்ணி கேட்டா இவ தேயிலக் கன்னு நட்டதுல இருந்து ஆரம்பிப்பா" என்று.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவைப் பார்க்கக் கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துக்கு ஏறி வந்திருந்தேன். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கும் உங்கள் லயத்துக்கும் நடுவில் தண்ணீர் கொட்டும் பீலியடியில் நீ உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த தைல டப்பாவை எடுத்து நீட்டினாய்.

"இந்தா ஆபிசரம்மா, ஒனக்குத்தான் வெச்சிருக்கேன். குளவி மாதிரி இருக்கு, ஆனா எறும்பாட்டம் நடக்குது. வெரட்டுனா பறக்காம குதிக்குது. என்னா சாமான் இது?"

குளவி என்றதும் நான் ஓரடி பின்னால் போனேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரிக்க உனக்கு உரிமை இருந்தது. தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு யார்தான் பின்னால் போகமாட்டார்கள்? கொழுந்து பறிக்கும்போது கூடு கலைந்தால் கூடையைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். ஓட முடியாதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், எல்லோரும் அங்கிருந்து திரும்புவதில்லை. நீயே ஒருமுறை முகமெல்லாம் வீங்கி, மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தாய். அப்படிக் கிடந்தவள்தான் அந்தப் பூச்சியைக் கையால் பிடித்து டப்பாவில் போட்டிருந்தாய்.

எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். பதினாலாம் நம்பர் மலையில் ஒரு சவுக்கு பட்டுப்போய் நிற்கிறது என்றாய். தேயிலைக்கு நிழலாக எந்தக் காலத்திலோ நட்ட மரம். பட்டை முழுதும் உரிந்து, வெயிலில் எலும்பு மாதிரி வெளுத்து நிற்கும் என்றாய். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதன் நிழலில் உட்கார்ந்திருந்தபோது கண்டாயாம்.

"மீசைய வெச்சு மரத்தத் தட்டுதுடி. டொக்கு டொக்குன்னு. தட்டிட்டு அப்படியே நிக்குது. உள்ள இருந்து யாரோ பதில் சொல்லுவாங்கங்கிற மாதிரி காத்துக்கிட்டு நிக்குது. அப்புறம் ரெண்டு எட்டு நகந்து திரும்பத் தட்டுது. அத பாத்துக்கிட்டே நான் சோறு திங்க மறந்துட்டேன்."

அப்படி ஒரு மரக்குளவி உண்டு என்று புத்தகத்தில் வாசித்திருக்கிறேன், எங்கள் ஆய்வுகூடத்துச் சேகரிப்பில் ஒன்றுகூடக் கிடையாது. அதற்குக் கூடு இல்லை, கூட்டம் இல்லை, மனிதரைக் கொட்டவும் கொட்டாது. பட்ட மரத்துக்குள் வண்டுப்புழு இருக்கும் இடத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கும். தன் உடம்பைவிட நீளமான மயிரிழை போன்ற ஊசியை வயிற்றுக்குள் சுருட்டி வைத்திருக்கும். அதை மரத்துக்குள் இறக்கி அந்தப் புழுவின் மேல் முட்டையிடும். தட்டிய அதிர்வு திரும்பி வருவதை அது முன்னங்காலால் கேட்கிறது என்று சொன்னேன்.

"காலால கேக்குதா? நம்ம கண்டாக்கையாவுக்குக் காதாலயே கேக்காது" என்றாய். மலையில் வேலை பார்ப்பிக்கும் அந்த அதிகாரியை நீ விடவேமாட்டாய்.

டப்பாவைத் திறந்தால், அடியில் மிச்சமிருந்த தைலத்தில் ஒட்டிக்கொண்டு பூச்சி கிடந்தது. தலை இல்லை. எறும்பு கொண்டுபோயிருக்க வேண்டும்.

ஒரு பூச்சியை இனம் காண்பது என்றால் என்ன என்று நீ கேட்டாய். புத்தகம் ஒரு கேள்வி கேட்கும், ஆம் என்றால் ஒரு பக்கம், இல்லை என்றால் இன்னொரு பக்கம் போக வேண்டும், அங்கே அடுத்த கேள்வி நிற்கும், கடைசிக் கேள்விக்குப் பின்னால் பெயர் இருக்கும் என்றேன். இந்தக் குளவிக்கு மூன்றாவது கேள்வியே நெற்றியைப் பற்றியது. நடு நெற்றியில் சின்னச் சின்ன முட்கள் கிரீடம் போல வளைந்து நிற்கின்றனவா, எத்தனை வரிசை? தலை இல்லாததை வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்ல? "அப்ப முழுசா ஒண்ணு புடிச்சுத் தந்தா பேரு சொல்லிருவியா?" என்று கேட்டாய். சொல்லிவிடுவேன் என்றேன். பெண் பூச்சியாக இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னேன். ஏதோ கடையில் சாமான் சொல்வது போலச் சொன்னேன்.

நமக்குள் அது புதிதில்லை. பள்ளிக்கூடத்திலேயே தவளையை நீ பிடிப்பாய், படத்தை நான் வரைவேன். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு உனக்கு ஏ, எனக்கு சி. உன் அம்மா படுத்த படுக்கையானதும் அந்த ஏயை வைத்துக்கொண்டு நீ கொழுந்துக்குப் போனாய். சியை வைத்துக்கொண்டு நான் படித்து, ஒருவழியாக ஆய்வுகூடத்தில் ஒப்பந்த உதவியாளராகச் சேர்ந்தேன். நீ அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. எனக்குத்தான் அது மறக்கவில்லை.

கண்ணாடிக் குழாய்கள் நான்கு கொண்டுவந்து கொடுத்தேன். நீ ஒவ்வொரு மத்தியானமும் சாப்பாட்டுப் பெட்டியோடு அந்த மரத்தடிக்குப் போனாய். வெயில் அடிக்காத நாளில் பூச்சி வெளியே வராது என்பதை நீதான் எனக்குச் சொன்னாய், புத்தகத்தில் அது இல்லை. பட்டை இருக்கும் பக்கத்தில் உட்காராது, வெறும் கட்டையில்தான் உட்காரும் என்பதையும் நீதான் கண்டுபிடித்தாய். இப்போது என் குறிப்பில் அதெல்லாம் ஒழுங்காக, இலக்கமிட்டு இருக்கிறது.

ஆனி மாதம் பிறந்ததும் நீ தொலைபேசியில் கூப்பிட்டாய். "ஒன் மரத்துக்கு நாள் குறிச்சிட்டாங்கடி. ஆடிக் காத்துக்கு முன்னுக்குப் பட்ட மரம் எல்லாத்தையும் வெட்டணுமாம்."

வருடா வருடம் நடப்பதுதான். காற்றில் முறிந்து ஆட்கள் மேல் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வெட்டுகிறார்கள். அந்தக் காரணம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முறையாகச் செய்வதென்றால் நான் எங்கள் ஆய்வு நிலையத்திலிருந்து கடிதம் வாங்கித் தோட்டத்துத் துரைக்குக் கொடுத்திருக்க வேண்டும். கடிதம் கேட்டால் அனுமதியில்லாமல் தோட்டத்தில் பூச்சி பிடிப்பிக்கிறாயா என்று கேட்பார்கள். எனக்கு நிரந்தர நியமனம் வரவேண்டிய நேரம் அது. அதனால் சிரித்துக்கொண்டே சொன்னேன், "குளவிக் கூடு இருக்குன்னு சொல்லிடு. ஒருத்தனும் கத்தியத் தூக்கிக்கிட்டுக் கிட்ட வரமாட்டான்."

நீ சிரிக்கவில்லை. "அதுல மட்டும் வெளையாடக் கூடாதுடி" என்றாய்.

"ரெண்டே கிழமைதான்" என்றேன் நான்.

அந்த மரத்துக்குச் சிவப்புத் துணி நீ கட்டினாய். கூடு இருக்கும் மரத்துக்குத் தோட்டத்தில் அப்படித்தான் அடையாளம் வைப்பார்கள். அதற்கு நீ கிழித்தது உன் சொந்தச் சேலையை. கண்டாக்கையா வந்து அண்ணாந்து பார்த்துக் கூடு எங்கே என்று கேட்டதற்கு, உச்சிப் பொந்துக்குள் இருக்கிறது என்றாயாம். நீ சொன்னதால் அவர் நம்பினார். பொய் சொல்லாதவள் என்று பெயர் எடுத்தவள் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? மரம் வெட்டுபவர்கள் வேறு மலைக்குப் போனார்கள். அந்த மரத்தைச் சுற்றி இரண்டு நிரைத் தேயிலையைப் பெண்கள் பறிக்காமல் விட்டார்கள். இரண்டு கிழமை என்றது ஆறு வாரமாக நீண்டது. மழையும் பனியும் விடவில்லை, பூச்சியும் கிடைக்கவில்லை. நான் ஒவ்வொரு முறையும், இன்னும் கொஞ்சம் பார், இன்னும் கொஞ்சம் பார் என்றேன்.

அன்று காலை பத்து மணித் தேநீர் நேரத்தில் நீ கூப்பிட்டாய். "வெயில் வந்துருக்குடி. ஆனா காத்தும் இருக்கு. மத்தியானம் போய்ப் பாக்கவா?"

நான் "பாத்துப் போ" என்றேன். வேண்டாம் என்ற சொல்லும் தமிழில் இருக்கிறது. அது என் வாயில் வரவில்லை.

மரம் அடியோடு சாயவில்லை. நடுவில், புழு துளைத்துத் துளைத்து உளுத்துப்போன இடத்தில் முறிந்தது. மற்றவர்கள் எல்லாம் தூரத்தில் இருந்தார்கள். நீ கட்டிய துணி அவர்களைத் தூரத்தில் வைத்திருந்தது. உன் ஒருத்தியைத் தவிர அங்கே யாரும் இல்லை.

சாவு வீட்டுக்கு நான் வந்தேன். உங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இடம் இல்லாமல் வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பாரிக்கு நடுவிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. விழுந்த மரத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். பொந்தும் இல்லை, கூடும் இல்லை.

"கூடே இல்லையாமே. அப்ப எதுக்குடி துணியக் கட்டுனா?"

உன் பக்கத்து நிரையில் பதினைந்து வருடம் பறித்தவள்தான் அதற்குப் பதில் சொன்னாள். "எதுக்குக் கட்டுவா? நம்மள எல்லாம் குளவின்னு வெரட்டிட்டு, தெனம் மத்தியானம் தனியா அங்க போவாளே. புருசன் கொழும்புல. யாரப் பாக்கப் போனான்னு அந்த மாரியாத்தாளுக்குத்தான் வெளிச்சம்."

நான் அங்கேதான், உன் மகள் பக்கத்தில் நின்றேன். எல்லாம் கேட்டது. கூடு இருப்பதாகச் சொல்லச் சொன்னது நான்தான் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அந்த வாய்கள் அங்கேயே அடைத்துப் போயிருக்கும். சொன்னால் விசாரணை வரும், என் பெயர் வரும், வேலை போகும். பயந்தேன். இதைவிட நல்ல காரணம் ஒன்றைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உன் வீட்டுக்காரர் எங்கள் நிலையத்து வாசலுக்கு வந்து நின்றார். பாதுகாவலர் கூப்பிட்டனுப்பினார். கொழும்புக் கடையில் வேலை செய்பவர்களுக்கே உரிய அந்த இஸ்திரி போட்ட சட்டை, மொட்டை அடித்த தலை. ஒரு கைக்குட்டையைப் பிரித்துக் கண்ணாடிக் குழாயை எடுத்தார். உடையவில்லை. உள்ளே மடித்த கடதாசித் துண்டின் மேல் ஒரு கரிய பூச்சி, முழுசாக, தலையோடு.

"அவ மலைக்குப் போடுற சட்டப்பையில இருந்துச்சுங்க. மருந்து கிருந்தோன்னு பயந்துட்டேன். பாத்தா பூச்சி. நீங்கதானே பூச்சி பாக்கிறவுங்க. அவ ஒங்கள பத்திச் சொல்லுவா."

அவர் கண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பூச்சியைக் கொடுக்க வரவில்லை. உன்னைப் பற்றிக் கேட்க வந்திருந்தார். ஒரு வார்த்தைக்காகக் கொட்டகலையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். நான், "ஆமாங்க, வெச்சிட்டுப் போங்க" என்றேன். அவர் கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

குழாயை மேசை இழுப்பறையின் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். அடுத்த வருடம் எனக்கு நிரந்தர நியமனம் வந்தது. அதிலிருந்து எனக்கு ஒரு வியாதி. யாராவது பென்சிலால் மேசையைத் தட்டினால் என் கை வேலை நின்றுவிடும். தகரக் கூரையில் முதல் மழைத்துளிகள் விழும்போதும், பக்கத்து அறையில் ஆணி அடிக்கும்போதும் அப்படித்தான். சத்தத்துக்கு நான் பயப்படவில்லை. அதற்குப் பின்னால் வரும் அமைதி இருக்கிறதே, அதுதான். தட்டிவிட்டு நீ எங்கேயோ காத்துக்கொண்டு நிற்பது போலவும், நான் உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பது போலவும் இருக்கும். தோட்டத்துக்கு வருவதைக் குறைத்தேன். அம்மாவை அக்காவிடம் கொண்டுபோய் விட்ட பிறகு வரவே இல்லை. பஸ்ஸில் போகும்போது எந்த மலையிலாவது ஒரு மரத்தில் சிவப்புத் துணி தெரிந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். மூடினால் உன் கை தெரியும், முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்.

இந்த வருட ஆரம்பத்தில் எங்கள் பகுதிக்குப் புதிய பொறுப்பாளர் வந்தார். சேமிப்பறையைத் துப்புரவாக்கச் சொன்னார். சீட்டு இல்லாத பூச்சியை எல்லாம் எறிந்துவிடுங்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். எங்கே, எப்போது, எதன் மேல், யார் பிடித்தார்கள் என்று ஒரு சின்னக் கடதாசியில் எழுதி ஊசியில் குத்தியிருக்க வேண்டும். அது இல்லாத பூச்சி எங்கள் தொழிலில் குப்பை. உன் குழாயில் சீட்டு இல்லை. எறிவதா, எழுதுவதா என்று வந்துவிட்டது. அன்றுதான் குழாயைத் திறந்தேன்.

பெண் பூச்சி. நான் கேட்டபடியே.

நுணுக்குக்காட்டியில் வைத்தேன். நடு நெற்றியில் முட்கள் இருந்தன, இரண்டு வரிசை. தலை இல்லாமல் அன்று நின்றுபோன கேள்விக்கு நான்கு வருடம் கழித்து அப்போதுதான் பதில் கிடைத்தது. மீசை கண்ணுக்குக் கீழே, வாய்க்குப் பக்கத்தில் முளைத்திருந்தது. இந்தக் குடும்பத்துக்கே உரிய அடையாளம் அது. தட்டுவதற்கு வாகாக மீசையின் நுனி முரடாக இருந்தது. கேட்கும் முன்னங்கால் மட்டும் தடித்திருந்தது. புத்தகத்தின் கேள்விகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒன்பதாவது கேள்வியில் நின்றேன். ஆம் என்றாலும் பொருந்தவில்லை, இல்லை என்றாலும் பொருந்தவில்லை. இறக்கை நரம்பு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, வயிற்றில் இருக்கக் கூடாத வெள்ளைப் புள்ளி இருந்தது. இந்தியாவில் பிடித்தவற்றின் விவரிப்புகளை வரவழைத்துப் பார்த்தேன். எதுவும் இது இல்லை. பிடித்துத் தந்தால் பெயர் சொல்லிவிடுவேன் என்று உன்னிடம் சொன்னேனே, அதற்குப் பெயரே இருக்கவில்லை.

பிறகுதான் படங்களை அனுப்பினேன், அந்தப் பதில் வந்தது. கூடவே நிரப்பச் சொல்லி ஒரு படிவமும் வந்தது. இடத்தை எழுதினேன். மரத்தின் பெயரை எழுதினேன். பிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயரை முழுசாக, உன் அப்பா பெயரோடு எழுதினேன். எந்தச் சூழ்நிலையில் பிடிக்கப்பட்டது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஊர் பேர் தெரியாத ஒருவருக்கு எழுதப்போகும் உண்மை உன் வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் தெரியாது. நூலைத் துடைக்க முடியாது, அது அந்தப் பூச்சி பிடிபட்ட இடத்தைச் சேர்ந்தது என்று மட்டும் நிபுணருக்கு அன்றே எழுதினேன். படிவத்தை மடித்து வைத்துவிட்டு, சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

உன் வீட்டுக்காரர் இப்போது கொழும்பில் இல்லை, லயத்திலிருந்து போய் ஹட்டனில் ஒரு மரக்கறிக் கடையில் நிற்கிறார். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறாள். உயரம் உன்னைத் தாண்டிவிட்டாள். சின்ன வயதில் சித்தி சித்தி என்று என் கைப்பையைப் பிடுங்குவாளே, அன்று "வாங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

சொன்னேன். எதையும் மெழுகவில்லை. கூடு இருப்பதாகச் சொல்லச் சொன்னது நான், இரண்டு கிழமை என்றது நான், காற்று அடித்த அன்று போகவிட்டது நான், சாவு வீட்டில் வாயைத் திறக்காமல் நின்றது நான், இவர் குழாயைக் கொண்டுவந்து கொடுத்தபோது ஒன்றும் சொல்லாமல் அனுப்பியதும் நான்.

"வேற ஆள் இருக்கும்னு நான் நம்பலைங்க" என்றார் உன் வீட்டுக்காரர். "ஆனா, இல்லன்னும் என்னால சொல்ல முடியல. லயத்துல, கடையில, கோயில்ல, யார் சிரிச்சாலும் என்னப் பாத்துத்தான் சிரிக்கிறாங்கன்னு இருந்துச்சு. ஒரு நாளாவது அவள மனசார நெனச்சு அழ முடியலைங்க." அப்புறம் எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அழுததை நான் கேட்டேன். ஒரு மனிதன் நான்கு வருடம் அடக்கி வைத்த அழுகை எப்படி இருக்கும் என்பதை உன்னிடம் சொல்லாமல் விடுகிறேன்.

மகள் அழவில்லை. கதவில் சாய்ந்து நின்றவள் சொன்னாள், "எங்ககிட்ட சொன்னா பத்தாது. பெரட்டுல வந்து சொல்லுங்க. அங்கதான பேசுனாங்க."

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். பனி மூட்டத்தில் பக்கத்திலிருந்த தேயிலை ஸ்டோர் கட்டடம்கூடத் தெரியவில்லை. இடுப்பில் சாக்குப் படங்கு கட்டி, தலையில் துணி போட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவரவரை எந்த மலைக்கு என்று பிரித்துவிட்டுக்கொண்டிருந்த கண்டாக்கையாவிடம் ஐந்து நிமிடம் கேட்டேன். என்னை அடையாளம் தெரிந்தது, தலையை ஆட்டினார். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குக்கூட எழுந்து நிற்காதவள் நான். அங்கே நின்று, உன் பெயரைச் சத்தமாகச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். எதற்காக நீ அந்த மரத்தடிக்குப் போனாய் என்று சொன்னேன். பூச்சியின் படத்தையும் காட்டினேன். கைக்குக் கை மாறிப் போனது.

"இந்தப் பூச்சிக்காகவா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அத அப்பவே சொல்லியிருந்தா என்னாங்க?" என்று இன்னொரு குரல்.

உன் பக்கத்து நிரைக்காரி தலைத் துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தான் மொதல்ல பேசுனேன்" என்றாள். "பாவி, நான்தான் பேசுனேன்." யாரும் அவளைத் தேற்றவில்லை. கண்டாக்கையா குனிந்து ஏட்டைப் பார்த்துக்கொண்டே, "நானும் ஆள விட்டு ஏறிப் பாக்கச் சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு நேரமாகிவிட்டது என்று எல்லோரையும் மலைக்கு அனுப்பினார். பெண்கள் போகும்போது உன் மகளைத் தாண்டித்தான் போனார்கள். ஒவ்வொருத்தியும் அவள் தோளையோ தலையையோ தொட்டுவிட்டுப் போனாள். அவள் மரம் மாதிரி நின்றாள்.

பஸ் வரும் ரோட்டு வரைக்கும் என்னோடு நடந்து வந்தாள். பதினாலாம் நம்பர் மலையைத் தாண்டினோம். அடிக்கட்டையைச் சுற்றித் தேயிலை தழைத்துவிட்டது. ரோட்டுக்கு வந்த பிறகு, பூச்சிக்கு உன் பெயரை வைக்கக் கேட்டதற்கு நிபுணர் சம்மதித்திருக்கிறார் என்று சொன்னேன். உலகம் உள்ள வரைக்கும் புத்தகங்களில் இருக்கும் என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"வேணாம்" என்றாள். "அம்மா பூச்சி இல்ல. அம்மா பேரு அம்மாவோட இருக்கட்டும். புடிச்சது அம்மான்னு எழுதுங்க, அது நெசம். அது போதும்."

சரி என்றேன். நெற்றி முள்ளை வைத்து ஏதோ ஒரு லத்தீன் பெயர் வைக்கப் போகிறார்கள். சீட்டில் பிடித்தவர் என்ற இடத்தில் நீ இருக்கிறாய். படிவத்தில் சூழ்நிலை என்ற இடத்தில் நடந்தது முழுவதும் இருக்கிறது, என் பெயரோடு. அதை வாசித்துவிட்டு எங்கள் நிலையம் என்னை என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும்.

தூரத்தில் பஸ் சத்தம் கேட்டது. அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள், "சாவு வீட்டுல அவங்க அப்பிடிப் பேசுனப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"ஒன் பக்கத்துல" என்றேன். "ஒன் கையப் புடிச்சுக்கிட்டு."

"ஆமா" என்றாள். "ஞாபகம் இருக்கு. ஒங்க கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. அம்மாவுக்காக நடுங்குதுன்னு நெனச்சு, நான் இன்னும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்."

பஸ் வந்து நின்றது. ஏறினேன். ஹட்டன் வரைக்கும் அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். உனக்கு இதை எழுதுவதும் அந்தக் கைதான்.